பெட்டி காட்டிய நேரம்

சென்ற வாரம் உங்களில் ஒரு பிள்ளை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஏதோ கண்காணிப்பு மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்பாம். நேரம் இருக்க வேண்டிய இடத்தில் பத்து இலக்கத்தில் ஓர் எண் நிற்கிறதாம். "இது என்ன கணக்கு மிஸ்?" என்று கேட்டாள். ஏதோ ஒரு நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வந்த விநாடிகளாக இருக்கும், வகுத்துப் பார் என்றேன். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, "சரியா வந்திடுச்சு மிஸ்!" என்று துள்ளினாள்.

சரியாக வந்துவிட்டது என்று நானும் ஒருமுறை இப்படித் துள்ளியிருக்கிறேன். "அது யாருடைய மணி என்று கேட்டாயா?" என்றேன். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று நீங்கள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், நானும் நழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்காக இப்போது எழுதுகிறேன். எண்ணை எப்படி வகுப்பது, எதால் பெருக்குவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப்போவதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பதுளையில் தேயிலைத் தோட்டங்களைக் கவனிக்கும் ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், எனக்கு உத்தியோகம். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. தேங்காய் உடைத்து, பொட்டு வைத்து, மேலே ஒரு பூப்போட்ட துணியும் போர்த்தி வைத்தோம். தட்டச்சு தெரிந்தவள், கணக்கில் கெட்டிக்காரி என்பதால் அது என் தலையில் விழுந்தது. தலையில் விழுந்தது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குக் கிரீடம் விழுந்ததாகத்தான் நினைத்தேன்.

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டம். அதன் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைக் காயவைக்கும் ட்ரையரின் பக்கத்தில், சோதனைக்காக ஒரு பெட்டி பொருத்தியிருந்தார்கள். ட்ரையரின் சூடு எல்லை தாண்டினால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தச் சூட்டையும் நேரத்தையும் பெட்டி ஒரு கெசட்டில் பதிந்துகொள்ளும். பாட்டுக் கேட்போமே, அதே கெசட்தான். வாரம் ஒரு கெசட் பதுளைக்கு வரும். நான் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தாளில் அச்சடிப்பேன். அதைப் படிக்கும் மென்பொருள் வெளிநாட்டில் எழுதியது. விளக்கப் புத்தகம் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். கடைசிவரை வந்துகொண்டேதான் இருந்தது.

கெசட்டைக் கொண்டுவருபவர் ஹனீபா நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தோட்டத்துக் கடைகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் லொறி அவருடையது. போகும்போது மாசிக் கருவாடும் வெங்காயமும் போகும், வரும்போது என் கெசட் வரும். அதனால் எங்கள் கந்தோரின் முதல் கணினித் தரவுகளெல்லாம் கருவாடு மணக்கும்.

முதல் கெசட்டை அச்சடித்தபோது நான்கே வரிகள் வந்தன. முதல் வரியில் 1330412 என்று ஓர் எண், அதற்குப் பக்கத்தில் சூடு. மற்ற மூன்று வரிகளில் எண்ணின் கடைசிப் பகுதி மட்டும் 0417, 0422, 0427 என்று ஏறிக்கொண்டு போனது. தேதியும் இல்லை, மாதமும் இல்லை. அரை நாள் அந்தத் தாளை முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்து ஜனவரி முதலாம் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணினேன். நூற்று முப்பத்து மூன்றாவது நாள் மே பதின்மூன்று! கெசட் வந்த வாரத்தோடு பொருந்தியது. கந்தோரே திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினேன்.

மிச்சம் நான்கு இலக்கம். அதற்கு என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது? 0412 என்றால் விடியற்காலை நாலு பன்னிரண்டு. தோட்டத்துக்கு அனுப்பும் அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டேன். பாதி சரியாக வந்த சந்தோஷத்தில் மறுபாதிக்கு மனது தானாகவே கையெழுத்துப் போட்டுவிட்டது. நாற்பது வருடத்துக்குப் பிறகும் அந்தக் கையெழுத்து என் கண்ணில் நிற்கிறது.

அந்த அறிக்கை ஏன் கேட்கப்பட்டது என்று நான் விசாரிக்கவில்லை. அன்றைய தேயிலையில் கருகல் வாடை அடித்திருக்கிறது. ருசி பார்க்கும்போதுதான் தெரிந்ததாம். எப்போது கருகியது என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியைக் கேட்டார்கள், பெட்டி என்னைச் சொல்லவைத்தது, நான் நாலு பன்னிரண்டு என்றேன். அந்த நேரத்தில் ட்ரையரில் தனியாக இருந்தவர் சந்தனம் என்ற தொழிலாளி. இரவு வேலை அவருடையது, ஏழு மணிவரை. தூங்கிவிட்டான் என்று முடிவுகட்டினார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது அதற்கடுத்த புதன்கிழமை பிற்பகல். ஹனீபா நானா புதிய கெசட்டை மேசைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போல் உடனே போகாமல் நின்றார்.

"மகள், அந்த ட்ரையர் சந்தனத்துக்கு நாளைக்கு விசாரணையாம். வேலையும் போகும், லயத்துக் காம்பராவும் போகும் போலதான் பேசிக்கிறாங்க."

"எதுக்கு நானா?"

"நீங்க குடுத்த தாள்தானாமே. நாலு மணிக்குத் தூங்கினாராம்." அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "வேல போறதக்கூட அந்த மனுசன் பெருசா நினைக்கல்ல மகள். அவருக்கு ஒரே மகள், புஷ்பம். புருசன் வீட்டாருக்கு இந்தியாவுக்குத்தான் பத்திரம் வந்திருக்கு, இவருக்கு இங்க. நாளைக்குக் காலையில பதுளையில கோச்சி ஏறுறா. விசாரண முடியிற வரைக்கும் தோட்டத்த விட்டு அசையக் கூடாதுன்னு இவருக்கு உத்தரவு. ஒன்பது பத்துக்குக் கோச்சி தெமோதரைக்கு வரும். அங்கயாச்சும் போய் அவளப் பார்க்க விடுவாங்களான்னு என்கிட்டக் கேக்குறார். நான் என்ன சொல்ல?"

லயத்துக் காம்பரா என்றால் தோட்டம் தந்த வரிசை வீட்டு அறை. கோச்சி என்றால் ரயில். அந்தக் காலத்தில் அப்படிக் கோச்சி ஏறியவர்கள் திரும்பி வரவில்லை. வழியில் வண்டி மாறி, மன்னார்ப் பக்கம் போய், அங்கிருந்து கப்பல். ஒரே லயத்தில் அண்ணனுக்கு அந்த நாடும் தம்பிக்கு இந்த நாடும் என்று குடியுரிமைப் பத்திரம் வந்தது. பதுளை ஸ்டேஷனில் அந்த அழுகையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். கேட்டுக்கொண்டே கடந்து போகவும் பழகியிருந்தேன். டவுனில் பிறந்த பிள்ளை நான். தோட்டங்களைக் கோச்சி ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

நானா போனதும் அந்தப் புதிய கெசட்டைப் போட்டேன். எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வரிகள் வந்தன. முதல் வரியின் கடைசி நான்கு இலக்கம் 0393.

மூன்று மணி தொண்ணூற்று மூன்று நிமிடம்! அப்படி ஒரு நேரம் உலகத்தில் கிடையாது.

அது மணியும் நிமிடமும் சேர்ந்த எண் இல்லை. நள்ளிரவிலிருந்து எண்ணிய நிமிடங்கள். 412 என்றால் ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். முதல் கெசட்டில் வந்த நாலு வரியிலும் கடைசி இரண்டு இலக்கம் அறுபதைத் தொடவில்லை. ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாலு வரியைப் பார்த்து ஒரு மனிதனுடைய தலையெழுத்தை எழுதியிருக்கிறேன்.

தோட்டத்துக்கு டெலிபோன் எடுக்கவில்லை. மழை பெய்தால் அந்தக் கம்பி செத்துவிடும். எங்கள் பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். எனக்கு வேலை கற்றுத்தந்த மனிதர், அதிகம் பேசாதவர். தாள்களை இரண்டுமுறை பார்த்தார்.

"திருத்தம் அனுப்பலாம். கொழும்புக்கு எழுதி அனுமதி எடுத்து, முறைப்படி. அடுத்த வாரம் போகும்" என்றார்.

"விசாரணை நாளைக்கு, சேர்."

"முதல் அறிக்கையே பிழை என்று தெரிந்தால் பெட்டியையும் எடுத்துவிடுவார்கள், கம்ப்யூட்டரையும் எடுத்துவிடுவார்கள். உம்முடைய உத்தியோகம் அதோடு ஒட்டியிருக்கு. யோசிச்சீரா?"

யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், கொஞ்ச நேரம் நன்றாகவே யோசித்தேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர். ஆனால் அங்கிருந்து நகரவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தலை நிமிராமலே, "நாளைக்கு நீர் லீவா?" என்று கேட்டார்.

"ஆமாம் சேர்."

"சரி. தாள் எல்லாம் மேசையில் கிடக்க விடாதேயும். எடுத்து வையும்."

எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எங்கே எடுத்து வைக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லையே!

மறுநாள் காலை நானாவின் லொறியில், வெங்காய மூட்டைக்கு முன்னால், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போனேன். ஒவ்வொரு கடையிலும் நின்று சாமான் இறக்கினால்தான் அவர் பிழைப்பு நடக்கும். அன்றைக்கு மூன்று கடைகளில் நிறுத்தாமலே போனார். கடைக்காரர்கள் நடுவழியில் நின்று கையாட்டினார்கள். "பின்னால பின்னால" என்று இவரும் கையாட்டிக்கொண்டே போனார்.

தொழிற்சாலை வாசலில் இறங்கியபோது என் கைக்கடிகாரத்தில் எட்டு இருபது. உள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டு ஐம்பது. திடுக்கிட்டுக் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெதுவாக ஓடுகிறதோ, வழியில் நின்று ஓடியதோ என்று அதைத் திட்டிக்கொண்டே மாடிப்படி ஏறினேன். அது என் அப்பா வாங்கித்தந்தது, அதற்குமுன் ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை.

டீமேக்கர் அறையில்தான் விசாரணை. டீமேக்கர் என்றால் தொழிற்சாலைப் பொறுப்பு முழுவதும் அவரிடம். அவர் ஒரு பக்கம், தோட்டத்து மேலாளரான பெரிய துரை நடுவில். எதிரே சலவை செய்த வெள்ளைச் சட்டையோடு ஒல்லியாக ஒரு மனிதர் நின்றார். கையில் சின்னப் பொட்டலம் ஒன்று. மாதாமாதம் தோட்டத்தில் கொடுக்கும் தேயிலைத்தூள் அது என்று பிறகு தெரிந்தது. மகளுக்குக் கொடுக்க வைத்திருந்தார்.

யாரும் கேட்குமுன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். "அறிக்கை பிழை. நான்தான் பிழையாகப் படித்தேன். நாலு பன்னிரண்டு இல்லை, ஆறு ஐம்பத்திரண்டு." தாள்களை மேசையில் விரித்து 0393-ஐக் காட்டினேன். பெரிய துரை குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

டீமேக்கர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கும் ஒரு தலை இருந்தது, அதைக் காப்பாற்றவேண்டியிருந்தது. "சரிங்க மிஸ். ஆறு அம்பத்திரண்டுன்னே வச்சுக்குவோம். இவன் டூட்டி ஏழு மணி வரைக்கும். சூடு ஏறுனப்ப இன்னும் எட்டு நிமிஷம் இருக்கே. அப்பவும் இவன்தானே பொறுப்பு? முன்னாடியே கெளம்பியிருக்கான்."

காப்பாற்ற வந்தவள், தூங்கினார் என்ற பழியை எடுத்துவிட்டு, கடமை முடியுமுன் கிளம்பிவிட்டார் என்ற பழியைக் கட்டிவிட்டேன்.

"சந்தனம், என்ன சொல்ற?" என்றார் துரை.

"ஏழு மணி அடிச்சு, பொஸ்தகத்துல கையெழுத்து வச்சிட்டுத்தாங்க தொர போனேன். அதுக்கு முன்னாடி ட்ரையர விட்டு நகரவே இல்லங்க. சூடும் ஏறலங்க."

"மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் டீமேக்கர்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கீழே சுவர்க் கடிகாரம் தெரிந்தது. ஒன்பது மணி. ஒன்பது பத்துக்குத் தெமோதரையில் கோச்சி. லொறி பறந்தாலும் இருபது நிமிட வழி. எல்லாம் போயிற்று என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் தெரியவில்லை. சந்தனத்தைப் பார்த்து, "உங்க மகளோட கோச்சி போயிடும். என்னாலதான். மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர்தான் என்னைத் தேற்றினார். "அழாதீங்க மிஸ். இன்னும் நேரம் கெடக்கு. அது தோட்டத்து மணிங்க. டவுன் மணி இப்ப எட்டரதான்."

"என்ன மணி?"

"தோட்டத்து மணிங்க. அந்தக் காலத்து வெள்ளக்காரத் தொர வச்சது. வெயில் ஏறுறதுக்குள்ள ஆளுகள வேலைக்கு எறக்கணும்னு அர மணி முன்னாடி வச்சாரு. இங்க பெரட்டு, சாப்பாடு, டூட்டி எல்லாம் அந்த மணிதான். கோச்சிக்கும் பஸ்ஸுக்கும் மட்டுந்தான் டவுன் மணி பார்ப்போம்."

எல்லாத் தோட்டத்திலும் இல்லை, அந்தத் தோட்டத்தில் அந்த வழக்கம் நின்று நிலைத்திருந்தது. பதுளையிலிருந்து லொறி போகும் தூரத்தில் ஒரு மலை முழுவதும் வேறொரு மணியில் எழுந்து, வேறொரு மணியில் உறங்கிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பழக்கத்தை யார் எடுத்துச் சொல்வார்கள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "பெட்டிக்கு யார் மணி வச்சது?" என்று கேட்டேன்.

டீமேக்கர் யோசித்தார். "கொழும்புல இருந்து வந்த இஞ்ஜினியர்தான். வச்சுப் பூட்டிட்டுப் போனாரு. ஸ்டோருக்குள்ள இருக்கிற மெஷின், ஸ்டோரு மணிதானே காட்டும்?" தொழிற்சாலையை அங்கே ஸ்டோரு என்பார்கள்.

"பார்ப்போம்" என்றேன். யாருடைய உத்தரவையும் கேட்காமல் படியிறங்கினேன். துரையும் மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். ட்ரையருக்குப் பின்பக்கம், சுவரைப் பார்த்தாற்போல் பெட்டி இருந்தது. அதன் சின்னக் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 0511. அங்கே யாருக்கும் அது அர்த்தமாகாத எண். ஐந்நூற்றுப் பதினொரு நிமிடம், எட்டு முப்பத்தொன்று. என் கையை நீட்டிக் கடிகாரத்தைத் துரையிடம் காட்டினேன். எட்டு முப்பத்தொன்று. தலைக்குமேல் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஒன்று.

மூன்றையும் அவர் ஒருமுறை பார்த்தார், திரும்பவும் பார்த்தார். இஞ்ஜினியர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்திருக்கிறார், டவுன் மணியை. பெட்டி சொன்ன ஆறு ஐம்பத்திரண்டு தோட்டத்து மணியில் ஏழு இருபத்திரண்டு. சந்தனம் கையெழுத்து வைத்துப் போய் இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது.

"அப்போ அந்த நேரம் ட்ரையர்ல யார்?" என்று துரை கேட்டார்.

சந்தனம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "யாரும் இருக்க மாட்டாங்க தொர. பகல் ஆளு பெரட்டுல பேரு குடுத்துட்டுத்தான் வரணும்னு உத்தரவு. பேரு கூப்புட்டு முடிய அர மணி ஆவும். மணி அடிச்சதும் ராத்திரி ஆளு போயிடணும்னும் உத்தரவு." பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் ட்ரையர் ஆளில்லாமல் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. உத்தரவு போட்டவர்கள் இரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள்.

துரை சந்தனத்தின் பக்கம் திரும்பினார். "போ. மகளப் பார்த்துட்டு வா" என்றார்.

அதற்குப் பிறகு நான் அதைவிட நல்ல உத்தரவு எதையும் என் உத்தியோகத்தில் கேட்டதில்லை.

ஹனீபா நானா லொறியை இறக்கத்தில் திருப்பியே வைத்திருந்தார். "ஏறுங்க சந்தனம், ஏறுங்க மகள்" என்றார். வழியில் ஒரு வளைவிலும் அவர் பிரேக் பிடித்த ஞாபகம் எனக்கு இல்லை. தெமோதரை ஸ்டேஷனில் நாங்கள் ஓடி ஏறியபோது காலடியில் தரை அதிர்ந்தது. அந்த ஸ்டேஷன் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பதுளையிலிருந்து வரும் கோச்சி முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் குகைக்குள் நுழையும். பிறகு மலையை ஒரு சுற்றுச் சுற்றி, மேலேறி, அதே ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும். மகள் அவருடைய காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தாள்.

"கீழ போகுதுங்க மிஸ்" என்றார் சந்தனம், எனக்குத் தெரியாததுபோல. பிறகு பொட்டலத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். மலைக்குப் பின்னால் கோச்சியின் சத்தம் தூரப் போவதும் கிட்ட வருவதுமாக இருந்தது. அந்தச் சில நிமிடங்கள் தீர்ந்துவிடக்கூடாது என்று நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வண்டி வந்தால் போய்விடுமே!

வந்தது. மூன்றாவது பெட்டி ஜன்னலில் புஷ்பம். என் வயதுதான் இருக்கும். அப்பாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் கம்பிக்கு வெளியே நீட்டிவிட்டாள்.

"சாப்ட்டியா புள்ள?"

"ரொட்டி சாப்ட்டேம்ப்பா. வரமாட்டீங்கன்னே நெனச்சேன்."

"வேலைக்கு ஒண்ணும் ஆகல. இந்த மிஸ் வந்து பேசுனாங்க, வுட்டுட்டாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் நான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் மகளிடம் அப்படித்தான் சொன்னார்.

கடைசிப் பேச்சு என்றால் பெரிதாக ஏதோ பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். புஷ்பம் கேட்டாள், "அங்க என்ன மணிப்பா? நம்ம மணியா, டவுன் மணியா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மிஸ்ஸுக்குத்தான் மணியெல்லாம் தெரியும்."

"இந்தியாவிலும் நம்ம டவுன் மணிதான்" என்றேன். இரண்டு நாட்டுக்கும் அப்போது ஒரே நேரம்தான்.

புஷ்பம் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் ஒங்களுக்கு அர மணி பின்னாடிதான்ப்பா வருவேன்."

"மெல்ல வா புள்ள. நான் முன்னாடி போயி அடுப்பு மூட்டி வைக்கிறேன்" என்றார் அவர்.

விசில் ஊதியது. பொட்டலம் கை மாறியது. கோச்சி எல்ல ஊர்ப் பக்கம் திரும்பும் வரையில் அந்தக் கை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. விலாசம் எழுதி வாங்க எங்கள் மூவருக்கும் தோன்றவே இல்லை.

என் உத்தியோகம் போகவில்லை. பிரிவுத் தலைவர் திருத்தத்தைத் தன் பெயரிலேயே கொழும்புக்கு எழுதினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தப் பெட்டியின் கணக்கை மட்டும் அதன்பிறகு நான் தோட்டத்து மணிக்கு மாற்றிப் பாராமல் அறிக்கையில் எழுதியதில்லை. புதிதாக ஓர் எண் வந்தால் அதை யார் வைத்தார்கள், எதைப் பார்த்து வைத்தார்கள், படிக்கப்போகிறவர் எந்த மணியில் வாழ்கிறார் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எண் சரியாக இருக்கும். நீங்களும் சரியாக வகுத்திருப்பீர்கள். அப்படியிருந்தும் ஒரு மனிதர் ஸ்டேஷனுக்குப் போக முடியாமல் போகும்.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் நல்ல பெயர், உங்களுக்கும் நல்ல பாடம். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது.

ஒரு வருடம் கழித்துச் சோதனை முடிந்தது, பெட்டியைக் கழற்றி வரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். சந்தனத்துக்கு அப்போது பகல் வேலை. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. மகளிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்ததாகவும், அவர் போட்ட பதில் திரும்பி வந்துவிட்டதாகவும் சொன்னார். நான் திருப்புளியை எடுத்ததும் அவருடைய சிரிப்பு நின்றது.

"எடுத்துட்டுப் போறீங்களா மிஸ்?"

"ஆமாங்க. உத்தரவு."

அவர் பெட்டியின் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். 0742. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். "பன்னெண்டு இருவத்திரண்டு. புள்ள இந்நேரம் சாப்ட்டிருக்கும்" என்றார். அறுபதால் வகுக்க யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு நான் துரையிடம் பேசியதைக் கேட்டே கற்றுக்கொண்டிருக்கிறார். "இந்த ஸ்டோருல எல்லாம் தோட்டத்து மணிங்க. இது ஒண்ணுதான் புஷ்பத்தோட மணி காட்டிக்கிட்டிருந்துச்சு" என்றார்.

நான் பெட்டியைக் கழற்றினேன். அவரே அதைச் சுமந்து வந்து லொறியில் வைத்து, ஆடாமலிருக்க வெங்காயச் சாக்கை மடித்து அணைகொடுத்தார்.

பாதி வழி வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. என் கையில் கடிகாரம் இருந்தது. அதுவும் புஷ்பத்தின் மணியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. கழற்றிக் கொடுத்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. லொறியைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தேன். நானாவுக்கு இறக்க வேண்டிய சாமான் நிறைய இருந்தது, அடுத்த முறை வரும்போது கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை வரவில்லை. கலவரத்தில் ஊர் கலைந்தது, நானும் பதுளையைவிட்டு வந்தேன். சில வருடங்களுக்குப் பிறகு விசாரித்தபோது சந்தனம் அந்தத் தோட்டத்தில் இல்லை, எங்கே போனார் என்று நானாவுக்கும் தெரியவில்லை.

அந்த மனிதரையும் அந்த மலையையும் நினைத்து ஏங்காத நாள் எனக்கு இல்லை. கடிகாரம் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடும். தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன். கையில் மட்டும் கட்டுவதில்லை, அது என்னுடையது இல்லை.